எம்-சாண்டில் களிமண்: பிசிஇ டோஸைக் கூட்டுவதா, அட்மிக்சரை மாற்றுவதா, மணலைக் கழுவுவதா?

எம்-சாண்ட் (கல்லை நொறுக்கிச் செய்யும் மணல்) லோடு மாறிய அன்று கான்கிரீட்டின் ஸ்லம்ப், அதாவது குழைவின் அளவு, விழுந்தால், ஆர்எம்சி (ரெடிமிக்ஸ் கான்கிரீட்) பிளாண்டில் கை முதலில் போவது குழைவு தரும் ரசாயனமான அட்மிக்சரின் பம்ப்புக்கு. அதுவும் போதாவிட்டால் தண்ணீர்க் குழாய்க்கு. இரண்டுமே அன்றைய லாரியை அனுப்பி வைக்கும், காரணத்தைத் தொடாது. சிமென்ட் மாறவில்லை, வெயில் அதிகமில்லை என்றால் காரணம் பெரும்பாலும் மணலோடு வந்த களிமண்தான். அது தண்ணீரைக் குடிப்பதோடு நிற்பதில்லை. அட்மிக்சரில் இருக்கும், பிசிஇ என்று நாம் சொல்லும் பாலிகார்பாக்சிலேட் ஈதர் பாலிமரையும் தன் அடுக்குகளுக்குள் இழுத்துக்கொள்கிறது. சிமென்ட் துகளைப் பிரித்து ஓடவிட வேண்டிய பாலிமர் களிமண்ணுக்குள் போய் முடங்கிவிடுகிறது.

இதைச் சமாளிக்க நடைமுறையில் ஐந்து வழிகள் உண்டு: பிசிஇயின் அளவைக் கூட்டுவது, பழைய நாப்தலீன் வகைக்கு மாறுவது, களிமண்ணை முன்கூட்டியே நிறைக்கும் வேறொரு பாலிமரைச் சேர்ப்பது, களிமண்ணைத் தாங்கும் பிசிஇயை வாங்குவது, மணலைக் கழுவுவது. எது சரி என்பது மணலில் எந்தக் களிமண் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சில்ட் (நுண்தூள்) சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் தவறான வழிக்குத்தான் பணம் செலவழிக்கிறார்கள்.

எந்தக் களிமண், எவ்வளவு பாலிமர்

களிமண் என்று ஒரே பெயரில் சொன்னாலும் கான்கிரீட்டுக்கு இரண்டு வகைகள் முக்கியம். கயோலினைட்டின் அடுக்குகள் ஹைட்ரஜன் பிணைப்பால் இறுக ஒட்டியிருப்பவை. தண்ணீரோ பாலிமரோ உள்ளே நுழைய முடியாது. வெளிப்பரப்பில் மட்டுமே ஒட்டும். அந்தப் பரப்பு கிராமுக்கு 10 முதல் 20 சதுர மீட்டர். மாண்ட்மோரில்லோனைட் அப்படியல்ல. அதன் அடுக்குகளுக்குள் எதிர்மின்சுமை இருக்கிறது. அதை ஈடுகட்ட சோடியம், கால்சியம் அயனிகள் இடையில் தளர்வாக உட்கார்ந்திருக்கின்றன. நீர் பட்டதும் அடுக்குகள் விலகும். உள்பரப்பையும் சேர்த்தால் கிராமுக்கு 750 சதுர மீட்டருக்கு மேல் போகும்.

செம்மண்ணில் பெரும்பாலும் கயோலினைட். கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசலில் மாண்ட்மோரில்லோனைட் வகை. வெயிலில் கரிசல் காடு பாளம் பாளமாக வெடிப்பதும் மழையில் உப்புவதும் இதனால்தான். குவாரியில் பாறைக்கு மேலே எந்த மண் இருக்கிறது, பாறையின் வெடிப்புகளில் எது ஊறி இறங்கியிருக்கிறது என்பதுதான் கிரஷரில் அரைபட்டு வரும் மணலின் குணத்தைத் தீர்மானிக்கிறது.

பிசிஇயின் அமைப்பு சீப்பு மாதிரி. நடுத்தண்டில் கார்பாக்சிலேட் தொகுதிகள். அவை சிமென்ட் துகளின் பரப்பில் ஒட்டும். தண்டிலிருந்து பாலிஎதிலீன் ஆக்சைடு பக்கச் சங்கிலிகள் தண்ணீருக்குள் நீட்டி நிற்கும். பக்கத்துத் துகளை அண்டவிடாமல் தள்ளி வைப்பவை அவைதான். களிமண் பிடிப்பதும் இந்தப் பக்கச் சங்கிலிகளையே. அடுக்குகளுக்கு இடையில் இருக்கும் நீர் மூலக்கூறுகளை வெளியேற்றிவிட்டு எதிலீன் ஆக்சைடு சங்கிலி அங்கே நுழைகிறது. பல நீர் மூலக்கூறுகள் விடுபட்டு ஒரு சங்கிலி உள்ளே போவதால் ஆற்றல் கணக்கும் அதற்குச் சாதகம். எக்ஸ்-கதிர் விளிம்பு விலகலில் இதை நேராகப் பார்க்கலாம்: உலர்ந்த சோடியம் மாண்ட்மோரில்லோனைட்டின் அடுக்கு இடைவெளி 1 நானோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, இரண்டு வரிசைச் சங்கிலிகள் நுழைந்தபின் 1.77 நானோமீட்டர் அளவுக்கு விரிகிறது. இதைத் தவிர, சிமென்ட் நீரில் கரைந்திருக்கும் கால்சியம் அயனிகள் பாலமாக நின்று பாலிமரின் கார்பாக்சிலேட்டைக் களிமண்ணின் பரப்போடும் கட்டுகின்றன. அந்த இழப்பு சிறியது. அடுக்குக்குள் போவதுதான் பெரியது.

எவ்வளவு பெரியது என்று ஓர் எம்30 (எம் எண் கான்கிரீட்டின் பலத்தைக் குறிக்கும்) கலவையில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கன மீட்டருக்குச் சிமென்ட் 380 கிலோ, எம்-சாண்ட் 800 கிலோ, பிசிஇ திரவம் சிமென்டில் 0.8%, அதாவது சுமார் 3 கிலோ. திரவத்தில் திடப்பொருள் 35% என்றால் உண்மையான பாலிமர் ஏறத்தாழ 1 கிலோ. சிமென்ட் கிராமுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் எடுத்துக்கொண்டால் 400 முதல் 750 கிராம் அங்கே போகும். மீதி நீரில் இருந்து குழைவைத் தக்கவைக்கும். இப்போது மணலில் 0.5% மாண்ட்மோரில்லோனைட் இருப்பதாக வையுங்கள், 4 கிலோ. அது கிராமுக்கு 150 மில்லிகிராம் பிடித்தால்கூட 600 கிராம் பாலிமர் காலி. பரிசோதனைகளில் இதைவிட அதிகமாகவும் பிடிக்கிறது. அதே 4 கிலோ கயோலினைட்டாக இருந்து கிராமுக்கு 20 மில்லிகிராம் எடுத்தால் இழப்பு வெறும் 80 கிராம். சில்ட் சோதனையில் இரண்டு மணலும் ஒரே எண்ணைத்தான் காட்டும்.

இந்தியத் தரநிலையான ஐஎஸ் 383:2016 நொறுக்கிய மணலில் 75 மைக்ரானுக்குக் கீழே 15% வரை அனுமதிக்கிறது. நல்ல கல்மாவு அந்த அளவு இருந்தால் பம்ப் செய்வதற்கு உதவியே. ஆனால் 6% மட்டும் இருந்து அதில் பத்தில் ஒரு பங்கு கரிசல் களிமண் என்றால் பிசிஇ கலவை நாசம்.

மெத்திலீன் ப்ளூ சோதனை

ஆகவே எந்த வழியையும் ஒப்பிடும் முன் மெத்திலீன் ப்ளூ மதிப்பு கையில் இருக்க வேண்டும். இந்தச் சாயம் நேர்மின் அயனி. களிமண்ணின் இடையயனிகளை வெளியேற்றிவிட்டு அங்கே உட்காரும். கல்மாவு அதை ஏறக்குறையத் தொடாது.

ஐரோப்பிய முறைப்படி, 2 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்கிய மணலில் உலர் எடைக்கு 200 கிராம் எடுத்து, 500 மில்லிலிட்டர் காய்ச்சி வடித்த நீரில் நிமிடத்துக்கு 600 சுற்று வேகத்தில் 5 நிமிடம் கலக்க வேண்டும். பிறகு வேகத்தை 400 ஆகக் குறைத்து, லிட்டருக்கு 10 கிராம் சாயம் கரைத்த கரைசலில் 5 மில்லிலிட்டர் விட்டு, குறைந்தது ஒரு நிமிடம் கழித்துக் கண்ணாடிக் குச்சியால் ஒரு துளியை எடுத்து வடிதாளில் வைக்க வேண்டும். நடுவில் 8 முதல் 12 மில்லிமீட்டர் அகலத்துக்கு அடர்நீலப் பொட்டு விழும். அதைச் சுற்றி நிறமில்லாத ஈர வளையம் பரவும். களிமண்ணில் இடம் இருக்கும்வரை அந்த வளையம் நிறமற்றே இருக்கும். இப்படி 5 மில்லிலிட்டராகச் சேர்த்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் நீலப் பொட்டின் விளிம்பை ஒட்டி ஏறத்தாழ 1 மில்லிமீட்டருக்கு வெளிர்நீலக் கரை கட்டும். அங்கே நிறுத்திவிடக் கூடாது. சாயம் சேர்க்காமல் நிமிடத்துக்கு ஒரு துளி வைத்து, அந்தக் கரை 5 நிமிடம் நிலைக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் நான்கு நிமிடத்துக்குள் மறைந்தால் இன்னும் 5 மில்லிலிட்டர். ஐந்தாவது நிமிடத்தில் மறைந்தால் 2 மில்லிலிட்டர். மாண்ட்மோரில்லோனைட்டின் உள்ளடுக்குகளுக்குச் சாயம் போய்ச் சேர நேரம் ஆகும். அவசரப்பட்டு முதல் கரையிலேயே முடித்தால் அசுத்த மணலுக்கு நல்ல மதிப்பு வந்துவிடும்.

கணக்கு எளிது: செலவான மில்லிலிட்டரை மணலின் கிராமால் வகுத்து 10-ஆல் பெருக்க வேண்டும். 200 கிராமுக்கு 20 மில்லிலிட்டர் என்றால் மதிப்பு 1.0, கிலோவுக்கு ஒரு கிராம் சாயம் என்று பொருள். சாயக் கரைசலை இருண்ட பாட்டிலில் வைத்து 28 நாளுக்குள் பயன்படுத்திவிட வேண்டும். தூளில் இருக்கும் ஈரப்பதத்தைக் கழிக்காமல் எடை போடுவது இன்னொரு வழக்கமான பிழை. கரைசல் பலவீனமாகி, மதிப்பு கூடுதலாகக் காட்டும்.

சீனத் தரநிலை 1.4-ஐக் கோடாக வைத்திருக்கிறது: அதற்குள் இருந்தால் மணலின் நுண்தூள் பெரும்பாலும் கல்மாவு, மேலே போனால் களிமண். பிசிஇ பயன்படுத்தும் பிளாண்டுக்கு அந்தக் கோடு தளர்வானது என்பது என் கருத்து. 0.7-க்குள் இருந்தால் கவலையில்லை. 0.7 முதல் 1.4 வரை இருந்தால் ரசாயன வழிகள் பலன் தரும். அதற்கு மேல் போனால் மணலைத்தான் திருத்த வேண்டும். இவை விதிமுறை எண்கள் அல்ல, வேலைக்கான எல்லைகள். உங்கள் சிமென்டோடு சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

களிமண் மேல் பழி போடும் முன் சிமென்டை விலக்கிவிடுவதும் நல்லது. சிமென்ட், நீர், பிசிஇ மட்டும் சேர்த்த பசையை மார்ஷ் கூம்பில் (பசை ஓடி இறங்கும் நேரத்தை அளக்கும் புனல்) ஓடவிடுங்கள். பசை வழக்கமான நேரத்தில் ஓடி, மணல் சேர்த்த சாந்து மட்டும் இறுகினால் குற்றம் மணலுடையது. பசையே இறுகினால் சிமென்டில் கரையும் சல்பேட் மாறியிருக்கலாம். அது பிசிஇயோடு ஒரே பரப்புக்குப் போட்டி போடும். எம்-சாண்டின் நீர் உறிஞ்சுதலையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். உறிஞ்சுதல் 3% என்றால் 800 கிலோவுக்கு 24 லிட்டர். அதைத் திருத்தாத கலவை களிமண்ணே இல்லாமலும் இறுகும்.

டோஸைக் கூட்டுவது

உடனே செய்யக்கூடியது, எந்த உபகரணமும் வேண்டாம். மெத்திலீன் ப்ளூ மதிப்பு தாழ்வாகவும் நாளுக்கு நாள் மாறாமலும் இருந்தால் 10, 15 சதவீதம் கூட்டுவது தவறில்லை. சிக்கல் மாறும் மணலில்தான் வருகிறது. களிமண் உள்ள லோடுக்கு 1.2% என்று பழக்கப்படுத்திய பிறகு சுத்தமான லோடு வந்தால், அதே டோஸில் ஜல்லி அடியில் தங்கும், சிமென்ட் பால் மேலே மிதக்கும், இறுகும் நேரம் மணிக்கணக்கில் தள்ளிப்போகும், காற்றுக் குமிழும் கூடும். ஒரே நாளில் இரண்டு குவாரி மணல் வரும் பிளாண்டில் இது நடந்தே தீரும். 20 சதவீதத்துக்கு மேல் கூட்ட வேண்டிய நிலை வந்தால், அதை மணலின் எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு வேறு வழிக்குப் போய்விடுவதே சரி.

தண்ணீர் கூட்டுவதை நான் வழியாகவே எண்ணவில்லை. மேலே சொன்ன கலவையில் 171 லிட்டரோடு 10 லிட்டர் சேர்த்தால் நீர்–சிமென்ட் விகிதம் 0.45-இலிருந்து 0.476-க்கு ஏறும், பலம் நிச்சயமாகக் குறையும். களிமண்ணால் ஏற்கெனவே கூடும் உலர்ச் சுருக்கமும் இன்னும் ஏறும்.

நாப்தலீனுக்குத் திரும்புவது

எஸ்என்எஃப் என்கிற சல்ஃபோனேற்றிய நாப்தலீன் ஃபார்மால்டிஹைடு 1960-களில் ஜப்பானின் காவோ நிறுவனத்தில் உருவானது. பிசிஇ அதற்கு இருபது ஆண்டு இளையது. அதுவும் ஜப்பானிலிருந்து, நிப்பான் ஷொக்குபாய் நிறுவனத்திலிருந்து வந்தது. எஸ்என்எஃப் மூலக்கூறில் பக்கச் சங்கிலி கிடையாது. விறைப்பான வளையங்களும் எதிர்மின் சல்ஃபோனேட் தொகுதிகளும் மட்டுமே. களிமண்ணின் முகப்பும் எதிர்மின்சுமை கொண்டதால் விலக்கப்படுகிறது. விளிம்புகளிலும் கால்சியம் பாலங்களிலும் கொஞ்சம் ஒட்டும், அடுக்குக்குள் சங்கிலியாக நுழையாது. அதனால் களிமண் மணலில் அதன் திறன் பிசிஇ அளவுக்குச் சரிவதில்லை.

பதிலுக்கு விட்டுக்கொடுப்பவை பெரியவை. நீர்க்குறைப்பு 15 முதல் 25 சதவீதத்தோடு நின்றுவிடும். நல்ல பிசிஇ 30-ஐத் தாண்டும். ஸ்லம்ப் அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் விழுந்துவிடும். சென்னைப் போக்குவரத்தில் 90 நிமிடப் பயணத்துக்கு இது ஒத்துவராது. எம்20, எம்25, பயணம் 30, 40 நிமிடத்துக்குள், அல்லது சைட்டிலேயே மிக்சர் வைத்துக் கலக்கும் வீட்டு வேலை என்றால் நான் தயங்காமல் எஸ்என்எஃப் என்றே சொல்வேன். அளவு சிமென்டில் 1 முதல் 1.5% திரவம். எம்40-க்கு மேல், உயரக் கட்டடத்துக்குப் பம்ப், தானே பரவும் கான்கிரீட் என்றால் இந்த வழி மூடிவிட்டது.

எஸ்என்எஃப்-க்கு ஒரு நுணுக்கம் உண்டு. முதல் தண்ணீரோடு சேர்த்தால் சிமென்டின் அலுமினேட் அதில் பெரும் பகுதியைப் பிடித்துக்கொள்ளும். சிமென்ட் நனைந்து ஒன்றிரண்டு நிமிடம் கழித்துச் சேர்த்தால் அதே அளவுக்கு அதிகக் குழைவு கிடைக்கும். மூன்றில் ஒரு பங்கைச் சைட்டுக்குக் கொண்டுபோய் டிரான்சிட் மிக்சரில் சேர்ப்பதும் பலன் தரும். சேர்த்தபின் சில நிமிடம் முழு வேகத்தில் சுற்றவிட வேண்டும். மாறும்போது டாங்க், குழாய், பம்ப் எல்லாவற்றையும் கழுவிவிடுங்கள். எஸ்என்எஃப்-உம் பிசிஇயும் கலந்தால் கெட்டியாகி, இரண்டின் திறனும் கெடும். பிசிஇ ஓட்டிய டிரம்மின் அடியில் மிஞ்சியதன் மேல் எஸ்என்எஃப் ஊற்றுவதே இந்தப் புகாரின் வழக்கமான தொடக்கம்.

களிமண்ணை முன்கூட்டியே நிறைத்துவிடுவது

மாண்ட்மோரில்லோனைட் எதிலீன் ஆக்சைடு சங்கிலியைத் தேடுகிறது என்றால், விலை குறைந்த சங்கிலியை முதலில் கொடுத்துவிடலாம். பாலிஎதிலீன் கிளைக்கால், அதாவது பெக், இதற்குத்தான். நம் பொறியியல் கல்லூரிகளில் தானாகக் கியூரிங் ஆகும் கான்கிரீட் ஆய்வுக்கு வாங்கும் பெக்-400 இதே குடும்பம். பெக்கில் சிமென்டில் ஒட்டும் கார்பாக்சிலேட் தொகுதி இல்லை. எனவே அது சிமென்டை விட்டுவிட்டுக் களிமண் அடுக்குகளுக்குப் போகும்; பிறகு வரும் பிசிஇக்கு அங்கே இடம் இருக்காது. 600 வரையிலான மூலக்கூறு எடை திரவமாகக் கிடைக்கும், பம்ப் செய்வது எளிது. 4000 செதில்களாக வரும், முன்னதாகவே வெந்நீரில் கரைத்து வைக்க வேண்டும்.

வரிசைதான் இதில் உயிர். மணல், ஜல்லி, 80% தண்ணீர், பெக் ஆகியவற்றை 30 விநாடி சுற்றவிட்டு, பிறகு சிமென்ட், கடைசியில் மீதித் தண்ணீரோடு பிசிஇ. அளவைச் சிமென்டில் 0.1, 0.2, 0.3 சதவீதம் என்று மூன்று சாந்துகளில் பாருங்கள். 380 கிலோவுக்கு 0.38, 0.76, 1.14 கிலோ. குழைவு ஏறி ஓரிடத்தில் சமமாகும். அந்த வளைவுக்குச் சற்று முன்னே நிறுத்துவது சிக்கனம். மிஞ்சிய பெக் சிமென்டைப் பிரிக்காது, வீண்தான்.

நேர்மின் பாலிமர்களும் உண்டு: பாலிஅமீன், பாலிடாட்மேக். களிமண்ணின் எதிர்மின் முகப்பில் இவை தட்டையாகப் படிந்து பல இடங்களில் ஒரே சமயத்தில் ஒட்டுவதால் பிறகு கழன்று வருவதே இல்லை. கிராமுக்குக் கிராம் பெக்கைவிட வலுவானவை. ஆனால் பிசிஇ எதிர்மின் பாலிமர். ஒரே டாங்கில் இரண்டையும் கலந்தால் ஒன்றையொன்று பிடித்துத் திரிந்துவிடும். தனிப் பம்ப், தனிக் குழாய் இல்லாத பிளாண்டில் இதைத் தொடவே வேண்டாம்.

பொட்டாசியம் குளோரைடு களிமண் உப்புவதைத் தடுக்கும் என்று போர்வெல்காரர்களிடமிருந்து வரும் யோசனை உண்மைதான். பொட்டாசியம் அயனி அடுக்குகளின் பள்ளத்தில் கச்சிதமாகப் பொருந்தி அவற்றை இறுக்குகிறது. ஆனால் கம்பி போட்ட கான்கிரீட்டில் ஐஎஸ் 456 அனுமதிக்கும் மொத்தக் குளோரைடே கன மீட்டருக்கு 0.6 கிலோ. கம்பி துருப்பிடிக்கும் வழியைக் குழைவுக்காகத் திறக்கக் கூடாது.

இந்த வழி எதைச் சரிசெய்யாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். களிமண் கான்கிரீட்டில்தான் இருக்கிறது. ஜல்லியின் மேல் அது படிந்திருந்தால் சிமென்ட் பிடிப்பு குறையும், சுருக்கம் கூடும். ஸ்லம்ப் மட்டும் மீள்வதால் மணல் நல்லதாகிவிட்டது என்று எண்ணி மதிப்பு 2-க்குப் போன லோடையும் ஏற்றுக்கொள்வது இந்த வழியோடு வரும் ஆபத்து.

களிமண்ணைத் தாங்கும் பிசிஇ

பக்கச் சங்கிலியில் எதிலீன் ஆக்சைடு இல்லாத, அல்லது சங்கிலியைக் குட்டையாக்கித் தண்டின் மின்சுமையைக் கூட்டிய வகைகள் இவை. தனிப் பம்ப், தனி வரிசை எதுவும் வேண்டாம் என்பது இவற்றின் பெரிய வசதி. விலை கூடுதல், களிமண் இல்லாத மணலில் சாதாரணப் பிசிஇயைவிடச் சற்று மந்தமாகவும் இருக்கலாம்.

கேட்டலாக்கில் இருக்கும் வார்த்தையை நம்பாமல், பைலிங் வேலைக்கு வாங்கும் பென்டோனைட்டில் ஐந்து கிராம் எடுத்துச் சோதியுங்கள். பென்டோனைட் என்பது பெரும்பாலும் மாண்ட்மோரில்லோனைட்தான். நன்றாகக் கழுவி உலர்த்திய மணல் 1000 கிராம், சிமென்ட் 475 கிராம், நீர் 214 கிராமோடு மணல் உறிஞ்சும் அளவு, பிசிஇ 3.8 கிராம். மேலே 70, கீழே 100, உயரம் 60 மில்லிமீட்டர் உள்ள கூம்பை ஈரக் கண்ணாடிப் பலகையில் வைத்து நிரப்பித் தூக்கி, பரவும் விட்டத்தைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்து சராசரி எடுங்கள். 5, 30, 60 நிமிடங்களில். அதே சாந்தை 5 கிராம் பென்டோனைட் சேர்த்து மறுபடி செய்யுங்கள். சாதாரணப் பிசிஇ சாந்து இரண்டாவது முறை கூம்பின் வடிவத்திலேயே நின்றுவிடக்கூடும். தாங்கும் வகை என்று விற்பது உண்மையிலேயே தாங்கினால் பரவல் கொஞ்சம்தான் குறையும். பாதிக்கு மேல் சுருங்கினால் கூடுதல் விலைக்குக் காரணமே இல்லை.

மணலைக் கழுவுவது

நீண்டகாலத்துக்கு நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான். ஆனால் வாஷருக்கு முன்பே செய்ய வேண்டிய மலிவான வேலை ஒன்று இருக்கிறது. குவாரியில் மேல்மண்ணைப் பாறை தெரியும்வரை முழுக்க வழித்தெடுப்பது. பிறகு ஜா கிரஷருக்கு முன்னால் சல்லடை வைத்து, வெடித்த கல்லோடு வரும் மண்ணை அரைபடும் முன்பே தனியே தள்ளிவிடுவது. அரைத்தபின் களிமண் ஒவ்வொரு மணல் துகளிலும் பூசிக்கொள்ளும். அப்புறம் அதை எடுப்பது பல மடங்கு சிரமம்.

வாஷரில் டன்னுக்கு ஒன்றிலிருந்து இரண்டு கன மீட்டர் தண்ணீர் சுற்ற வேண்டியிருக்கும். அதைத் தெளியவைத்துத் திரும்பப் பயன்படுத்தாமல் நம் ஊரில் எந்தக் குவாரியும் சமாளிக்க முடியாது. கழுவலில் களிமண்ணோடு நல்ல கல்மாவும் போய்விடுவது இன்னொரு இழப்பு. 150 மைக்ரானுக்குக் கீழே வெறுமையாகிவிட்ட மணலில் கான்கிரீட் தண்ணீர் கக்கும், பம்ப் குழாய் அடைக்கும். கன மீட்டருக்கு 30, 40 கிலோ ஃபிளை ஆஷ் சேர்த்து ஈடுகட்டலாம். கழுவிய மணலைக் குறைந்தது ஒரு நாள் குவித்து வடியவிடாமல் ஏற்றினால் ஈரம் பேட்சுக்குப் பேட்ச் ஆடும். மேற்பரப்பு ஈரம் 6% என்றால் 800 கிலோவில் 48 லிட்டர் தண்ணீர் ஒளிந்திருக்கிறது.

கழுவிய நீரைத் தெளியவைக்கும் தொட்டியில் மறுபடி ஒரு பாலிமர் வருகிறது: பாலிஅக்ரிலமைடு. இதன் மூலக்கூறு எடை ஒரு கோடிக்கு மேல். ஒரே சங்கிலி ஒரு களிமண் துகளில் சில இடங்களில் ஒட்டி, மீதி வால் நீரில் தொங்கி, அடுத்த துகளைப் பிடித்து இழுக்கும். இப்படிச் சேர்ந்த திரள்தான் அடியில் விழுகிறது. துகளின் பரப்பில் பாதியளவு காலியாக இருக்கும்போதுதான் அந்த வாலுக்கு இடம் கிடைக்கும். அளவு மிஞ்சிப் பரப்பு முழுவதும் மூடிவிட்டால் துகள்கள் ஒன்றையொன்று விலக்கி நிற்கும். நீர் மறுபடி கலங்கும். கலங்கலைப் பார்த்து இன்னும் போடுவது தொட்டியைக் கெடுக்கும் வேலை.

எதிர்மின் பாலிஅக்ரிலமைடு எதிர்மின் களிமண்ணில் ஒட்டக் கால்சியம் பாலம் வேண்டும். கடினமான போர்வெல் நீரில் அது தானாகவே இருக்கும். மழைநீர் தேங்கிய குழியிலிருந்து எடுத்தால் அதே டோஸ் வேலை செய்யாது. கொஞ்சம் ஜிப்சம் சேர்த்தால் திரளும். தூளை லிட்டருக்கு ஒரு கிராம் வீதம், சுழலும் நீரின் மேல் மெல்லத் தூவி, ஒரு மணி நேரம் மெதுவாகக் கலக்க வேண்டும். கொட்டினால் வெளியே வழவழப்பும் உள்ளே உலர்ந்த தூளுமாகக் கட்டிகள் நிற்கும். வேகமான சுழல் பம்ப்பில் விட்டால் சங்கிலி அறுந்து, திரட்டும் திறன் போய்விடும். பத்து மடங்கு நீர்த்த பிறகே தொட்டிக்கு விடுங்கள். டோஸைக் கண்டுபிடிக்க ஒரு லிட்டர் அளவு உருளைகளில் கலங்கலை நிரப்பி, அந்த நீர்த்த கரைசலில் 5, 10, 20, 30 மில்லிலிட்டர் விட்டு, நான்கைந்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துப் பாருங்கள். தெளியும் உருளைகளில் மிகக் குறைந்த அளவை எடுத்துக்கொள்ள வேண்டும், மிக வேகமாகத் தெளிந்ததை அல்ல. ஏனென்றால் மிஞ்சியது சுழலும் நீரில் சேர்ந்து மணலோடு கான்கிரீட்டுக்குப் போகும். அங்கே அது சிமென்ட் துகள்களையும் இதே மாதிரி ஒன்றோடொன்று கட்டும். மெத்திலீன் ப்ளூ மதிப்பு நன்றாக இருந்தும் கழுவிய மணலில் பிசிஇ கலவை இறுகுகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். மணலைச் சுத்தமான நீரில் இரண்டு முறை அலசி, உலர்த்தி, சாந்துப் பரவலை மறுபடி பாருங்கள். மீண்டுவிட்டால் தொட்டியின் டோஸைக் குறைக்கச் சொல்லலாம்.

சொந்தக் குவாரி இல்லாதவர்கள் இதையெல்லாம் பர்ச்சேஸ் ஆர்டரில்தான் சாதிக்க முடியும். 75 மைக்ரான் சதவீதத்தோடு மெத்திலீன் ப்ளூ மதிப்பு 1.0-க்குள், எந்தத் திரட்டி எவ்வளவு போடப்படுகிறது என்ற விவரம், மீறினால் லோடு திரும்பும் என்ற மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். மாதிரியை லாரியின் மேல்பரப்பிலிருந்து அள்ளாதீர்கள். வழியில் வடியும் நீரோடு நுண்தூள் கீழே இறங்கியிருக்கும். மேல் மணல் எப்போதும் உள்ளதைவிடச் சுத்தமாகவே காட்டும். கொட்டிய குவியலின் அடி, நடு, மேல் என மூன்று மட்டங்களில் எடுத்துக் கலந்து, அதிலிருந்து 200 கிராம் பிரித்துச் சோதியுங்கள்.